சவுந்தரி முறுக்கிய வயர்

பஸ்ரியாம்பிள்ளைக்குத் தன் பெண்சாதி மேல் ஒன்பது வருசமாய் ஒரு கோபம் இருந்தது. நெடுந்தீவுக் கரையில் நாற்பது வள்ளங்களுக்கு மேல் அவள் கட்டிக் கொடுத்த தண்ணி மணி இருக்கிறது. அடிப்பலகைக்குக் கீழே கடல் ஏறினால் அது கீச்சென்று கத்தும். எமிலியானுசின் வள்ளத்தில் இரண்டு தரம் கத்தியிருக்கிறது. பெரியதுறைப் பக்கத்து ஆள் ஒருவரை நித்திரையிலிருந்து எழுப்பி உயிரோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. கத்தாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது நிதர்சனுடைய வள்ளத்தில் பூட்டியது. நிதர்சன் அவர்களுடைய ஒரே பிள்ளை.

கோபத்தை அவர் அவளுக்கு நேரே சொன்னதில்லை. அவளுக்குக் கேட்கத்தக்கதாக மற்றவர்களுக்குச் சொல்வார். செத்தவீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர்களுக்குச் சொன்னார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பிட வந்தவர்களுக்குச் சொன்னார்.

“நான் என்ர கையால மணி வயருக்குக் கடைசியா ஒரு முறுக்குக் குடுத்து, ஒட்டுற ரேப்பும் சுத்தித்தான் பிள்ளையைத் தள்ளி விட்டனான். அதுக்கு மேல ஒரு தேப்பன் என்ன செய்ய ஏலும்? மணி அடிச்சிருக்கோணும். அடிக்கேல்லை.”

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற ஞானசவுந்தரிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அவள் வாய் திறக்க மாட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பிழை விட்டவள் வந்து நின்று, ஓம், பிழைச்சுப் போச்சு என்று ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

சொல்லாதது மட்டுமில்லை. வெறும் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரையில் ஏற்றிய அன்று, பிள்ளையின் உடம்பு இன்னும் கிடைக்காத அந்த நேரத்தில், சனத்தை விலக்கிக்கொண்டு முதல் ஆளாய் அதற்குள் ஏறினவள் அவள்தான். கையில் கத்தரிக்கோல் இருந்தது. பற்றரிப் பக்கம் குனிந்தாள். ஒரு துண்டு வயரை வெட்டிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு இறங்கினாள். பஸ்ரியாம்பிள்ளை கண்டார். தன் கைவேலையின் பிழையை ஊர் காணமுதல் ஒளிக்கிறாள் என்று நினைத்தார். அன்றைக்குப் பிறகு அவள் அவரை ஒரு வயரையும் தொட விட்டதில்லை. ரோச் லைற்றுக்குப் பற்றரி போடப் போனாலும் ஓடி வந்து பறிப்பாள்.

“உங்கட கையை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ!”

பிள்ளையையும் இழந்து, வீட்டில் ஒன்றுக்கும் உதவாதவன் பட்டமும் கேட்க வேண்டிக் கிடக்கிறதே என்று அவர் வெளியே போய் ஆட்டுக்குக் குழை போடுவார்.

ஞானசவுந்தரி பிறவியில் இடக்கைக்காரி. அவளுடைய தாய், சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைச் சீலைத் துண்டால் கதிரைக் காலோடு கட்டி வைப்பாளாம். பள்ளிக்கூடத்தில் சிஸ்ரர் அடிமட்டத்தால் விரல் முட்டியில் போட்டுப் போட்டு எழுத்தை வலக்கைக்கு மாற்றினார். சிலுவை போடுவது, சோறு தின்பது, எழுதுவது, ஆளுக்கு ஒன்றை நீட்டுவது எல்லாம் வலக்கையால் பழகிவிட்டாள். ஊர் கவனிக்காத வேலைகளை மட்டும் இடக்கை செய்தது. ஆடு கட்டுவாள், தலை பின்னுவாள். பிறகு வயர் வந்தது. வயரை எந்தக் கையால் முறுக்கினால் பாவம் என்று எந்தச் சுவாமியும் பிரசங்கத்தில் சொன்னதில்லை.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து சனம் தீவை விட்டுப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒரு வீட்டின் பின்பத்தித் தாழ்வாரத்தில் அவளுடைய வீட்டார் இருந்தார்கள். கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, டைனமோவைச் சுழற்றித்தான் சனம் ரேடியோ கேட்டது. முன்வீட்டில் ரேடியோ திருத்தும் கடை. அங்கே எறிகிற குப்பையை இவள் பொறுக்கி வந்து கழற்றுவாள். எதற்குக் கழற்றுகிறாய் என்று கேட்டால், சும்மா, உள்ளுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு பாக்க என்பாள். அந்தப் பகிடிக்குச் சிரித்துத்தான் பஸ்ரியாம்பிள்ளை அவளைக் கட்டினார். அவர் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். தனக்குத் தெரியாத ஒன்று தெரிந்த பெட்டை என்பதில் அவருக்கு அப்போது பெருமை. நிதர்சன் அங்கேதான் பிறந்தான். சமாதானக் காலத்தில் மூன்று பேருமாய்த் தீவுக்குத் திரும்பினார்கள்.

மணி வந்த கதை இப்படி. நிதர்சன் பத்தாம் பதினோராம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வைத்தார்கள். அதற்கு வாத்தியார் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கிட் வாங்கி வந்தார். சின்னப் பொலித்தீன் பையில் ஒரு பச்சை அட்டை, அதில் குத்துவதற்கு நாலைந்து சாமான், கத்துகிற ஒரு கறுப்பு மூடி, கொஞ்சம் வயர், படம் போட்ட ஒரு தாள். வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் கத்தும். பெடியள் இரண்டு நாள் குத்தியும் அது கத்தவில்லை. நிதர்சன் வீட்டுக்குக் கொண்டு வந்தான். அவள் ஒரு பின்னேரத்தில் ஈயம் உருக்கி ஒட்டி, கிணற்று வாளிக்குள் வயரை விட்டாள். கத்தியது. அதோடு விட்டாளா?

“தாங்கி நிரம்பினாக் கத்துமெண்டால், வள்ளம் நிரம்பினாலும் கத்தும்தானே?”

அடுத்த நாள் தகப்பனின் வள்ளத்தில் பூட்டினாள். எஞ்சினை இழுத்தவுடன் ஒரு துளி தண்ணியும் இல்லாமல் மணி கத்தத் தொடங்கிவிட்டது. கரையே சிரித்தது.

“சவுந்தரி, உன்ர மணிக்குப் பேய் பிடிச்சிருக்கு. சுவாமியைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளி!” என்றார் எமிலியானுஸ். அவர் அடுத்த வீட்டுக்காரர். சின்ன வயதிலிருந்து பஸ்ரியாம்பிள்ளையோடு கடலுக்குப் போனவர்.

ஒரு கிழமை அவள் அதோடு மல்லுக்கட்டினாள். இரண்டு வயரும் தனித்தனியே இளகிக் கிடந்தால் எஞ்சினின் பொறி அதற்குள் புகுந்து கத்த வைக்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒரே சீராய் முறுக்கிவிட்டால் பேசாமல் இருக்கிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யன்னல் சட்டத்தில் ஒரு ஆணி அடித்தாள். சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயரின் தலைப்பை அதில் மாட்டி, மற்ற நுனியை இடக்கையில் பிடித்துக்கொண்டு கதவடி வரைக்கும் பின்னால் நடப்பாள். இழுவை தளராமல் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு முறுக்கு. இறுக்கினால் உள்ளே மயிர் போல இருக்கிற செப்பிழை ஒடியும். இளக்கினால் வலையிலும் தூண்டிலிலும் மாட்டும். அவள் முறுக்கியதை நீட்டிப் பிடித்தால் பின்னின தலைமயிர் மாதிரி இருக்கும். பிறகு கொழும்பிலிருந்து பார்சலில் கிட் எடுப்பித்து எடுப்பித்துக் கரையில் கேட்ட எல்லாருக்கும் கட்டினாள்.

பஸ்ரியாம்பிள்ளைக்கு வேறு ஒரு கை. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் தள்ளமுதல், நிற்கிறவர்களில் மூத்தவர் ஒருவர் சுற்றி வந்து ஒவ்வொரு கட்டிலும் கைபோட்டு விட வேண்டும். கயிறோ, எண்ணெய் மூடியோ, எஞ்சின் ஆணியோ, கடைசியாய் ஒருக்கால் இறுக்கினால்தான் போகிறவனுக்கு நிம்மதி. அவர் நிற்கும் நாளில் அந்தக் கை அவருடையதுதான். அவர் இறுக்கினால் இறுக்கினதுதான். வீட்டில் ஊறுகாய்ப் போத்தலை அவர் மூடினால் பிறகு ஒருவராலும் திறக்க ஏலாது.

“பஸ்ரி பூட்டினதைத் திறக்க நேவிதான் வரோணும்,” என்று எமிலியானுஸ் சொல்வார்.

நிதர்சன் போன நாளும் அப்படித்தான் கைபோட்டார். ஆவணி மாதத்துப் பின்னேரம். வீட்டில் சார்ஜ் போட்ட பற்றரியை அவள் கொண்டு வந்து வைத்து, மணி வயரின் நுனியையும் பற்றரி வயரின் நுனியையும் சேர்த்து முறுக்கினாள். மற்ற நாளில் உடனேயே ரேப்பும் சுற்றிவிடுவாள், அன்றைக்கு அதை மறந்துவிட்டு வந்ததால் எடுக்க வீட்டுக்கு ஓடினாள். அதற்கிடையில் பஸ்ரியாம்பிள்ளை வந்தார்.

“அப்பா, அம்மா முறுக்கித்தான் விட்டவ,” என்றான் நிதர்சன்.

“இன்னொரு முறுக்குக் குடுத்தாக் கொம்மா குறைஞ்சு போவாவோ?” என்று சொல்லி ஒரு முறுக்குக் கொடுத்தார். நுனி கல்லாய் இறுகியது. மிரோஜனின் பெட்டியில் கிடந்த ரேப்பை எடுத்துச் சுற்றினார். மிரோஜன் நிதர்சனோடு படித்தவன், அன்றைக்குத் துணைக்குப் போனவன். அவள் ரேப்போடு ஓடி வரும்போது வள்ளம் தண்ணீரில் இறங்கிவிட்டது.

“சுத்தினியளோ?”

“சுத்திப்போட்டன், சுத்திப்போட்டன்.”

வலையை இறக்கிவிட்டு இரண்டு பெடியளும் கண் அயர்ந்திருக்கிறார்கள். அடியில் எங்கேயோ வெடிப்பு. முதுகில் தண்ணி பட்டுத்தான் மிரோஜன் எழும்பினான். எண்ணெய்க் கலனைக் கட்டிப்பிடித்துக் கிடந்த அவனை விடிந்த பிறகு வேறொரு வள்ளம் தூக்கியது. நிதர்சன் மூன்றாம் நாள் கரைக்கு வந்தான். இருபத்தொரு வயது.

மிரோஜன் ஊருக்குச் சொன்னது ஒரே வசனம். “மணி அடிக்கேல்லை.”

அவள் வேலையை விட்டுவிடுவாள் என்று சனம் நினைத்தது. விடவில்லை. ஒரு மாதம் கழித்துப் பழையபடி யன்னல் ஆணியில் வயர் மாட்டினாள். அதைக் கண்ட அன்றைக்குப் பஸ்ரியாம்பிள்ளை சோற்றுக் கோப்பையை முற்றத்தில் எறிந்தார். அவள் கோப்பையைப் பொறுக்கிக் கழுவி வைத்துவிட்டு ஆணியடிக்குத் திரும்பிப் போனாள்.

ஒன்பது வருசம் அப்படியே போனது. பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. வள்ளமும் பஸ்சும் மாறி மாறி ஏறி யாழ்ப்பாணத்துக்கு மருந்தேற்றப் போய் வந்தார்கள். தலைமயிர் கொட்டியதற்கு அவள் கவலைப்படவில்லை. விரல் நுனிகள் மரத்துப் போனதுதான் அவளைக் கொன்றது. சட்டைக் கொழுக்கி மாட்ட ஏலாது. ஊசியைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா என்று தெரியாது. மருந்தால் அப்படி வருமாம், போனாலும் போகும், போகாமலும் இருக்கும் என்றார்கள். பிறகு அந்தக் கட்டி வருத்தம் ஈரலுக்கும் இறங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்படி வீட்டில் கிடந்த ஒரு திங்கட்கிழமை மிரோஜன் வந்தான். அந்த நாளுக்குப் பிறகு அவன் கடலுக்குப் போகாமல் மேசன் வேலை செய்தவன். இப்போது கலியாணமாகி, இரண்டு வயதில் ஒரு பெட்டைக்குஞ்சும் இருக்கிறது. சீமெந்துக்கு வேலை இல்லை என்று திரும்பக் கடலுக்கு இறங்க ஒரு வள்ளம் எடுத்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான்.

“மாமி, எனக்கும் ஒரு மணி கட்டித் தாறியளோ?”

பஸ்ரியாம்பிள்ளைக்கு ஏறிவிட்டது. “உனக்கென்ன விசரோடா? மணி அடிக்கேல்லை எண்டு ஊருக்குச் சொன்னதே நீதானே!”

“அடிக்கேல்லைத்தான் மாமா.” அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஆனா மற்ற எல்லாருக்கும் அடிச்சதுதானே. மணி இல்லாமப் போக மாட்டனெண்டு மனிசிக்குச் சத்தியம் பண்ணிப்போட்டன்.”

“வெள்ளிக்கிழமை வா மேனே. கட்டி வைக்கிறன்,” என்றாள் கட்டிலிலிருந்து.

பெட்டிக்குள் ஒரே ஒரு கிட்தான் மிச்சம். பச்சை அட்டையை அவள் கை நன்றாயிருந்த காலத்திலேயே ஒட்டி வைத்திருந்தாள். வயர் வேலைதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை கட்டிலை யன்னலடிக்கு இழுக்கச் சொன்னாள். இரண்டு வயரையும் ஆணியில் மாட்டி நுனியைப் பிடித்தாள். வழுவி விழுந்தது. குனிந்து எடுக்க ஏலாமல் அவரைப் பார்த்தாள். அவர் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தரம் விழுந்தபோது அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். செத்துப்போன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதையோ முடிவுகட்டினவள் போலத் தலையை நிமிர்த்தினாள்.

“இஞ்சாருங்கோ. நீங்கள் முறுக்குங்கோ.”

ஒன்பது வருசத்தில் முதல் தரம். பஸ்ரியாம்பிள்ளைக்குள் ஏதோ இளகியது. அதைக் காட்டிக்கொள்ள அவருக்குத் தெரியாது.

“இப்பவெண்டாலும் தெரிஞ்சுதே, என்ர கையும் வேணுமெண்டு.”

“கனக்கக் கதையாமல் பிடியுங்கோ.”

முறுக்கினார். கயிறு திரிக்கிற கை, வயரை என்ன செய்யும்? ஓரிடத்தில் முடிச்சாய்த் திரண்டது, ஓரிடத்தில் வாய் பிளந்தது.

“உது முறுக்கோ, கோழி கிளறின வைக்கலோ?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாய்ச் சிரித்து எவ்வளவு காலம் என்று அவருக்கு நினைவில்லை.

“அவிழுங்கோ. மற்றப் பக்கமாத் திருப்புங்கோ. இடப்பக்கம்.”

“எந்தப் பக்கம் திருப்பினால் என்ன? முறுக்கு முறுக்குத்தானே.”

“இடப்பக்கம்,” என்றாள் திரும்பவும்.

அன்றும் அடுத்த நாளும் அதே வேலை. அவிழ்க்கச் சொல்வாள், அவிழ்ப்பார். தன் விரலுக்குத் தெரியாததால், முறுக்கிய வயரை வாங்கிக் கீழ் உதட்டில் வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பாள். மேடு பள்ளம் உதட்டுக்குத் தெரியும். “இதில ரெண்டு குறையுது” என்பாள். எண்ணிப் பார்த்தால் குறைந்திருக்கும். புதன் பின்னேரம் முழு நீளத்தையும் உதட்டில் இழுத்துவிட்டுப் பேசாமல் திருப்பித் தந்தாள். அது நல்லாயிருக்கிறது என்பதற்கு அவளுடைய வார்த்தை.

வியாழக்கிழமை பற்றரி நுனி. மணி வயரின் தோலையும் பற்றரி வயரின் தோலையும் உரித்து, இழைகளைக் குறுக்கே வைத்து, இடப்பக்கமாய்ச் சுற்றச் சொன்னாள். சுற்றினார். இப்போது கொஞ்சம் வசப்பட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“இப்ப, கரையில கைபோடுற மாதிரி, கடைசியா ஒரு முறுக்குக் குடுங்கோ. உங்கட வழக்கமான முறுக்கு.”

அவர் நினைக்கவே இல்லை. கை தன்பாட்டில் செய்தது. வலப்பக்கமாய் ஒரு திருகல்.

“இறுகிச்சுதோ?”

“கல்லு.”

“இழுங்கோ.”

மெல்லத்தான் இழுத்தார். நுனி இறுகித்தான் இருந்தது. அதற்குக் கீழே அவர் இடப்பக்கம் போட்ட சுற்று முழுக்கக் கழன்றிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுக்க நுனியும் சறுக்கிக்கொண்டு வந்தது. மணி வயர் ஒரு கையில், பற்றரி வயர் ஒரு கையில்.

அவருக்குக் கரையும் அந்தப் பின்னேரமும், அம்மா முறுக்கித்தான் விட்டவ என்று சொன்ன பிள்ளையின் முகமும் வந்தன. கட்டில் விளிம்பில் வந்து இருந்தார்.

“நீ வெட்டி எடுத்த துண்டு எங்க?”

“வேண்டாம்.”

“எங்கயெண்டு கேக்கிறன்.”

“அலுமாரிக்குள்ள. பிள்ளையின்ர ஞானஸ்நான உடுப்புக்குள்ள.”

எழும்பிப் போய் எடுத்தார். வெள்ளைச் சட்டைக்குள் பெருவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு. அதில் சுற்றியிருந்த ரேப் அவர் சுற்றியது. அவர் எப்போதும் நுனியை மடித்து ஒட்டுவார், அது மடித்து ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கத்தரிக்கோலால் கீறித் திறந்து பார்த்திருந்தாள். உள்ளே உப்புப் பிடித்துச் செம்பு பச்சையாகியிருந்தது. நுனியில் வலப்பக்கமாய் இறுகின சுற்று ஒரு வயரில் மட்டும் கிடந்தது, மற்ற வயர் அதற்குள்ளால் சறுக்கிக் கழன்றிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய இடக்கைச் சுற்று அவிழ்ந்து, இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றன. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“நீ அண்டைக்கே கண்டனி.”

“ஓம்.”

“சனமெல்லாம் உன்ர மணியைத்தான் சொல்லிச்சுது.”

“சொல்லிப்போட்டுப் போகட்டும்.”

“நானும் சொன்னனான், சவுந்தரி.”

“ஓம்,” என்றாள்.

வெளியில் ஆடு குழைக்குக் கத்திக்கொண்டிருந்தது.

“ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை? ஏசியிருக்கலாம். அடிச்சிருக்கலாம்.”

“சொன்னா நீங்கள் இருப்பியளோ? அண்டைக்கே கடலுக்குள்ள இறங்கியிருப்பியள். எனக்கு ஒராள் போனது காணும்.”

“இப்ப மட்டும் ஏன் சொன்னனி?”

அவள் மூச்சை எடுத்து எடுத்துத்தான் சொன்னாள். “கரையில நாப்பது வள்ளம் கிடக்கு. எல்லாம் என்ர முறுக்கு, எல்லாம் இடப்பக்கம். உங்கட கை சும்மா இராது. நான் இருக்குமட்டும் ஏசி ஏசித் தடுத்து வைச்சிருந்தன். நான் போனாப் பிறகு ஆர் ஏசிறது? மிரோஜன்ர பிள்ளைக்கு ரெண்டு வயசு.”

பஸ்ரியாம்பிள்ளை அன்று சாப்பிடவில்லை. பொழுதுபடும் நேரம் சேமக்காலைக்குப் போனார். நிதர்சனின் குழியடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வரும் வழியில் எமிலியானுஸ் கல்வேலிக்கு மேலால் கூப்பிட்டு, “என்ன பஸ்ரி, மனிசிக்கு எப்பிடி?” என்று கேட்டதற்கு, “அவளின்ர மணியில ஒரு பிழையும் இல்லையடாப்பா” என்றார். எமிலியானுசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனிசி சாகப் போகிற கவலையில் கதைக்கிறான் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் பற்றரி நுனியைத் திரும்பச் செய்து பழகினார். இடப்பக்கம், ஏழு சுற்று. ஏழாவது முடிந்ததும் பெருவிரலும் சுட்டுவிரலும் தானாக வலப்பக்கம் வளைந்தன. கையை உதறிவிட்டு எழும்பினார். அவள் கட்டிலில் சாய்ந்து கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுடைய கண் மஞ்சளாய் இருந்தது.

பின்னேரம் மிரோஜன் வந்தான். பஸ்ரியாம்பிள்ளை பையை அவனிடம் நீட்டினார்.

“நீயே கொண்டுபோய்ப் பூட்டு. இடப்பக்கமா முறுக்கோணும், மறந்திடாதை. என்ர கை வேண்டாம்.”

“குடுக்காதைங்கோ,” என்றாள் கட்டிலிலிருந்து. சத்தம் வர மறுத்தது. ஆனாலும் ஏசுகிற குரல்தான். “நீங்கள்தான் பூட்டோணும்.”

“என்னால ஏலாதடியப்பா.”

“ஏலும். முறுக்கின கை பூட்டட்டும்.”

மிரோஜன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பஸ்ரியாம்பிள்ளை அவனைத் கிணற்றுத் துலாவடியில் நிற்கச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இவனுக்குச் சொல்லப் போறன். கரையில எல்லாருக்கும் சொல்லப் போறன்.”

“சொன்னாலும் சரி, சொல்லாட்டிலும் சரி. முதல் பெடியனை நனையாமல் அனுப்புங்கோ.”

அவர் பையைத் தோளில் கொழுவினார். குறடும் ரேப்பும் இருக்கிறதா என்று பார்த்தார். பச்சை அட்டையைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார். மூடியை வழக்கம்போல இன்னொருக்கால் இறுக்கப் போய், கையை எடுத்துவிட்டார். அவள் அதைக் கண்டாள். உதடு ஒரு பக்கம் சிரிப்புக்குப் போனது.

அவர் மணியைப் பூட்டிவிட்டுக் கரையிலிருந்து திரும்பி வந்தபோது அவளுக்கு நினைவில்லை. சுவாமி வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். ஞாயிறு பூசை மணி அடிக்கிற நேரத்தில் மூச்சு நின்றது. அந்த இரண்டு நாளும் பஸ்ரியாம்பிள்ளை அவளுடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எத்தனையோ தரம் காதடியில் குனிந்து, என்ன வேணும் சவுந்தரி, சொல்லு என்று கேட்டார். அவள் தண்ணிகூடக் கேட்கவில்லை.

அவள் அவரிடம் கடைசியாய்க் கேட்டது அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரம்தான். பையோடு வாசற்படியில் இறங்கினவரை, “இஞ்சாருங்கோ” என்று திரும்பக் கூப்பிட்டாள். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“முறுக்கி முடிஞ்சாப் பிறகு இன்னொரு முறுக்குக் குடுக்காதைங்கோ. அப்பிடியே விட்டிட்டு வாங்கோ.”